நூற்றெண்பது லிட்டர் கடல்

14.6.2023, புதன்

ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை. போர் மோட்டார் ஸ்விட்சில் காந்தல் வாடை அடித்தது, புதுசு மாட்டினேன். மதியம் வேணிக்குத் தூத்துக்குடியிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டி வந்தது. துணிமணி என்று நினைத்தேன். ஒன்றில் முழுக்கப் புத்தகம். இன்னொன்றில் கண்ணாடிக் குடுவைகளும் ஒரு மைக்ராஸ்கோப்பும். காலேஜில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்ததாம். அதை வைக்க இடம் தேடி வீடு முழுக்கச் சுற்றினாள். கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அந்தப் பிள்ளை மருமகளாக இந்த வீட்டுக்கு வந்து பதினொரு மாசம். அதில் என் மகன் தமிழழகன் கூட இருந்தது நாற்பது நாள். அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். மனைவியை அழைத்துக்கொள்கிற மாதிரி பாஸ் இன்னும் கிடைக்கவில்லை. மீன்வளம் படித்தவள், கடற்கரையில் வளர்ந்தவள், இந்த அரியலூரில் என்னதான் செய்வாள்? என் வீட்டுக்காரி சுந்தராம்பாள் கூட உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள். பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

16.6.2023, வெள்ளி

சாப்பிடும்போது வேணி கேட்டாள். "மாமா, ஹால்ல ஒரு தொட்டி வச்சுக்கவா?"

தங்கமீன் தொட்டி என்று நினைத்து, "வச்சுக்கம்மா, இதெல்லாமா கேப்பாங்க" என்றேன்.

"இது கடல் தொட்டி மாமா. உப்புத் தண்ணி. கடல் மீனு, பவளம், எல்லாம் இருக்கும்."

சுந்தராம்பாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மீனுன்னா கொழம்பு வைக்கணும். சும்மா பாத்துக்கிட்டு உக்கார ஒரு மீனா?" என்றாள்.

வேணி சிரித்தாள். இந்தப் பதினொரு மாசத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

25.6.2023, ஞாயிறு

வேணியும் நானும் திருச்சி போய் வந்தோம். மூன்றடி நீளத்தில் தொட்டி செய்யச் சொல்லியாகிவிட்டது. நூற்றெண்பது லிட்டர் பிடிக்குமாம்.

அலை மோட்டார் விசாரிக்கப் போன ஒரு கடையில், கடைக்காரர் எங்களை உள்ளறைக்குக் கூட்டிப்போய் ஒரு டப்பைத் திறந்து காட்டினார். ஊதா நிறத்தில், கிளை கிளையாக, உயிருள்ள பவளம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேணியின் முகம் மாறிவிட்டது. "இது மன்னார் வளைகுடாவுல பேத்ததுண்ணே. விக்கறதும் குத்தம், வாங்கறதும் குத்தம். இது விரல் நீளம் வளர எத்தன வருசம் ஆகும் தெரியுமா?" என்று அவரையே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், பெரியவரே நீங்களாவது சொல்லுங்க என்பது போல. "படிச்ச புள்ள சொல்லுது" என்றேன். வெளியே வந்துவிட்டோம்.

வீட்டில் சத்தமே போடாத பெண். இத்தனை கோபம் இவளுக்குள் இருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது.

பஸ்ஸில் கேட்டேன், அப்போ பவளத்துக்கு என்ன பண்றது என்று. சென்னையில் ஒருவர் வீட்டிலேயே மென்பவளம் வளர்த்து, துண்டு வெட்டிக் கொடுக்கிறாராம். மீனும் கடலில் பிடித்தது வேண்டாம், மண்டபத்துப் பக்கம் ஒரு பண்ணையில் குஞ்சு பொரித்து விற்கிறார்கள் என்றாள். "முதல்ல கல்லு வேணும் மாமா. நல்ல சுண்ணாம்புக் கல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரியலூரில் இருந்துகொண்டு சுண்ணாம்புக் கல்லுக்கு அலைவார்களா? வீடு கட்டியதில் மிஞ்சியது கொல்லையில் குவிந்து கிடக்கிறது.

28.6.2023, புதன்

கல் கழுவினோம். காலையில் ஆரம்பித்து மதியம் ஆகிவிட்டது. ஒரு கல்லில் சிப்பியின் அச்சு, வரி வரியாக அப்படியே இருந்தது. "பாத்தீங்களா மாமா, இது ஏற்கெனவே கடல்ல கெடந்த கல்லு" என்றாள். அது தெரிந்ததுதான், இந்த ஊரே கடலாக இருந்தது என்று வாரணவாசியில் மியூசியமே வைத்திருக்கிறார்கள் என்றேன். அந்தக் கல்லை முன்னால் வைப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். வைக்கவில்லை. மீன் ஒளிந்துகொள்ள அதில் பொந்து இல்லையாம்.

முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டபடியே சுந்தராம்பாள் திட்டினாள்.

9.7.2023, ஞாயிறு

தொட்டி வந்து இறங்கியது. வயரிங் என் பொறுப்பு. வேணி தானே பிளக்கைச் சொருகப் போனாள், தள்ளு என்றேன். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் கம்பம் ஏறியவன், ரிட்டையர் ஆகி மூன்று வருஷமாகச் சும்மா இருக்கிறேன். தனி லைன் இழுத்து, கசிவு இருந்தால் தானே விழுந்துவிடும் பிரேக்கர் போட்டேன். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி அப்புறம் மேலேறுகிற மாதிரி கட்டினேன். வயர் வழியாகத் தண்ணீர் இறங்கினால் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வேணி அதை போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினாள். "எங்க புரொபசர் வீட்டுலகூட இப்படிக் கட்டலை மாமா."

அதைக் கேட்டு, சாயங்காலம் வரை மனசுக்கு நன்றாக இருந்தது.

12.7.2023, புதன்

தண்ணீர் ஊற்றியாயிற்று. நம்ம போர் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்தோம். கல் உப்பு இல்லை, இதற்கென்று வாளியில் வருகிற உப்பு. குட்டி டார்ச் மாதிரி ஒரு குழல். ஒரு சொட்டு தண்ணீரை அதன் முனையில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு தெரிகிறது. அதுதான் உப்பளவு, 1.025-ல் நிற்கணும். முதலில் வேணி பார்த்தாள், பிறகு நான். சுந்தராம்பாளையும் பார்க்கச் சொன்னோம். "எனக்கு ஒண்ணும் தெரியல, இருட்டா இருக்கு" என்றாள். குழலைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

30.7.2023, ஞாயிறு

மூன்று வாரமாக வெறும் தண்ணீரும் கல்லும். மீன் எங்கே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமி தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வரலியா?" என்கிறார், ஏதோ பஸ் வரவில்லை என்பது போல.

வேணி கடையில் ஒரு இறால் வாங்கிவந்து தொட்டியில் போட்டு அழுக விட்டிருக்கிறாள். அது அழுகினால்தான் அமோனியா வருமாம், அமோனியா வந்தால்தான் அதைத் தின்கிற கிருமிகள் கல்லில் குடியேறுமாம். அவை குடியேறாமல் மீனை விட்டால் இரண்டே நாளில் செத்துவிடும். நல்ல இறாலை வீணடிக்கிறாள் என்று சுந்தராம்பாளுக்கு ஆற்றாமை.

தினம் காலை ஒரு சின்ன ட்யூபில் மருந்து விட்டு நிறம் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். பச்சை. இன்றும் பச்சை. மஞ்சள் ஆகணும்.

8.8.2023, செவ்வாய்

மஞ்சள்.

20.8.2023, ஞாயிறு

மீன் வந்துவிட்டது. மண்டபத்திலிருந்து பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டி; திருச்சி பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இரண்டு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உடனே தொட்டியில் விடக் கூடாது என்று பையை மிதக்கவிட்டு, அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்தாள். அதுவரை யாரும் சாப்பிடவில்லை. சுந்தராம்பாள் சோற்றை மூடி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

விட்டதும் இரண்டும் ஒரு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன. பெரிசு முன்னால், சின்னது பின்னால்.

"பெருசுதான் பொம்பள அத்தை. சின்னது அது சொன்னபடி கேக்கும்" என்றாள் வேணி.

"நல்ல சாதி" என்றாள் சுந்தராம்பாள்.

18.9.2023, திங்கள்

காலையில் கொழுக்கட்டை. ஒன்பது மணிக்கு மனசே சரியில்லாமல் போனது. போன வாரம் வந்த சிவப்பு இறால், நீள மீசைக்காரன், கல்லுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெள்ளையாக, அசைவே இல்லை. வேணி கோவிலுக்குப் போயிருந்தாள். நான் வலையைப் போட்டு எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தேன். நேற்று ராத்திரி ஊதுபத்தி தொட்டி பக்கம் வைத்தோமே, அதனாலா? நம்மால்தானா? சுந்தராம்பாள் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வேணி வந்ததும் மெதுவாகச் சொன்னேன். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "மாமா, இது சட்டை மாமா. கழட்டிப் போட்டிருக்கான். ஆளு உள்ளதான் இருப்பான்."

இருந்தான். பொந்துக்குள்ளிருந்து மீசை மட்டும் ஆடியது. நான் மூன்று கொழுக்கட்டை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

22.11.2023, புதன்

விடிந்ததிலிருந்து மழையும் காற்றும். காலை ஏழே காலுக்குக் கரண்டு போனது. பெரம்பலூர் ரோட்டில் புளியமரம் லைன் மேல் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்தக் காலமாக இருந்தால் இந்நேரம் எனக்கு நாற்பது போன் வந்திருக்கும். இப்போது ஒன்றும் வருவதில்லை.

பதினோரு மணிக்கு இன்வெர்ட்டர் இறங்கிவிட்டது. அலை நின்றது. தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி ஆனது. அரை மணியில் மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று கலக்கவில்லை என்றால் எல்லாம் போய்விடும் என்றாள் வேணி. லைனில் நிற்பது ஆண்டவர் என்கிற லைன்மேன்தான், முன்பு என்னிடம் ஹெல்ப்பராக இருந்தவர். ஒரு போன் போட்டு, நம்ம தெருவை முதலில் பார் என்று சொல்லலாம். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். கொட்டுகிற மழையில் கம்பத்தில் நிற்கிறவனிடம் மீனுக்காக அவசரப்படுத்துவதா? நான் அப்படி நின்றபோது யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

வேணி ஒரு சொம்பு எடுத்து, தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். மொள்ளுவது, ஊற்றுவது. கை ஓய்ந்ததும் நான் வாங்கினேன். எனக்கு இருபது நிமிஷத்தில் தோள் விட்டுப்போனது. அப்போது சுந்தராம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "குடுங்க இப்படி. மாவு இடிச்ச கையி." ஒன்றரை மணி நேரம் ஒரே தாளத்தில் ஊற்றினாள். நடுநடுவே, "ஏய் பெரியவளே, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று மீனிடம் பேசுகிறாள். நானும் வேணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்று மணிக்கு வெள்ளைச்சாமி டிராக்டர் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். இன்வெர்ட்டரில் மாட்டினேன். அலை வந்தது. கரண்டு ஐந்தரைக்கு.

ஒன்றும் சாகவில்லை. சுந்தராம்பாள் கைக்கு வேணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

19.1.2024, வெள்ளி

பொங்கல் முடிந்து வேணி தூத்துக்குடி போய் மூன்று நாள். தொட்டி என் பொறுப்பு. தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. அவள் கலந்து வைத்த உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். நேற்றும் அப்படித்தான்.

வீடு என்னவோ போல இருக்கிறது. டீக்கு மூன்று டம்ளர் எடுத்துவிட்டேன்.

22.1.2024, திங்கள்

வேணி வந்ததும் பையைக்கூட வைக்காமல் குழலை எடுத்து உப்பளவு பார்த்தாள். 1.029. சென்னையிலிருந்து வாங்கி வைத்த பவளம் எல்லாம் சுருங்கிக் கிடந்தது. நானும் தினம் பார்த்தேனே, கோடு ஏறுகிறது என்று தெரிந்தும் குழல்தான் பழுது என்று நினைத்தேன்.

"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான் மாமா. உப்பு உள்ளயே இருக்கும். அதனால நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

பத்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும் இது. எனக்குத் தோன்றவில்லை. தலை நிமிர முடியவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டு, காலேஜில் தான் முதல் வருஷம் ஒரு முழுத் தொட்டியையே கொன்ற கதையைச் சொன்னாள். நிஜமா, எனக்காகக் கட்டினதா? தெரியவில்லை. இரண்டு நாளில் மெதுவாக இறக்கிவிடலாம் என்றாள்.

5.5.2024, ஞாயிறு

வெயில் நாற்பத்தொன்று. தொட்டியின் மேல் இரண்டு ஃபேன். சுந்தராம்பாள் ஃபிரிட்ஜில் மோர் வைக்க இடமில்லை, பாட்டில் பாட்டிலாக ஐஸ் உறைய வைத்திருக்கிறாள், மீனுக்கு. எனக்குப் பானைத் தண்ணீர்.

11.8.2024, ஞாயிறு

காலை டீயோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக இரண்டும் ஒரு கல்லையே வாயால் தேய்த்துக்கொண்டிருந்தன. இன்று அந்தக் கல்லில் மிளகளவு இடத்துக்குப் பத்துப் பதினைந்தாக ஆரஞ்சுப் புள்ளிகள். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு.

வேணியைக் கூப்பிட்டேன். ஈரத் தலையோடு ஓடிவந்தாள். குனிந்து பார்த்தவள் எழுந்திருக்கவே இல்லை. "முட்டை மாமா."

சின்னது, அதாவது அப்பன், முட்டைக்கு விசிறிக்கொண்டே இருக்கிறது. பெரியவள் அப்பப்போ வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். சூப்பர்வைசர் மாதிரி.

கட்டிலுக்கு அடியில் இருந்த மைக்ராஸ்கோப் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

24.8.2024, சனி

முட்டை பொரிந்தது திங்கட்கிழமை. நூற்றுக்கு மேல் இருந்தன, கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள். இன்று காலை கடைசி ஒன்றும் போய்விட்டது. அவை தின்கிற அளவுக்குச் சின்ன உயிரி நம்மிடம் இல்லை. குஞ்சுகளைத் தனியாக வைத்திருந்த வாளியை வேணி கழுவிக் கவிழ்த்தாள். அழவில்லை. மண்டபத்துப் பண்ணை நடத்துகிற பானுப்ரியா என்பவருக்கு, நமக்கு மீன் விற்றவர், போன் செய்து அரை மணி பேசினாள். நோட்டில் நாலு பக்கம் எழுதியிருக்கிறாள்.

3.9.2024, செவ்வாய்

மொட்டை மாடியில் ஆறு பாட்டிலில் பச்சைத் தண்ணீர். பாசி வளர்க்கிறாள். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிரி வளருமாம், அந்த உயிரிதான் குஞ்சுக்குச் சாப்பாடு. விதை பானுப்ரியா அனுப்பியது. எல்லாப் பாட்டிலுக்கும் நான்தான் காற்றுக்குழாய் போட்டேன். மைக்ராஸ்கோப்பில் காட்டினாள், கோப்பை மாதிரி ஒன்று சுழன்று சுழன்று ஓடுகிறது. வெள்ளைச்சாமி வந்து பார்த்துவிட்டு, "இத்துனூண்டு சீவனுக்குத் தீனி போட இவ்வளவு பாடா?" என்றார்.

இரண்டாவது தடவை முட்டை வைத்திருக்கிறது.

21.9.2024, சனி

பதினான்கு. பதினான்கு குஞ்சுக்கு வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டது. பட்டை விழுந்தால் பிழைத்த மாதிரி. வேணி வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். தமிழழகன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, அவ குரலே வேற மாதிரி இருக்குப்பா" என்றான். இருக்கும்தான்.

7.10.2024, திங்கள்

பானுப்ரியாவிடமிருந்து போன். பார்சலுக்குக் கொடுத்த நம்பர் என்னுடையதுதானே, அதனால் எனக்கு வந்தது. பண்ணையில் குஞ்சுப் பிரிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வேணியை மனதில் வைத்துத்தான் பேசினார். தங்க இடம் உண்டு. "வீட்டு ஹால்ல பதினாலு குஞ்சு காப்பாத்தறது சாதாரணம் இல்ல சார். அவங்ககிட்ட கேட்டு பதினைஞ்சாம் தேதிக்குள்ள சொல்லுங்க."

சரிங்க என்றேன். வேணி மாடியில் இருந்தாள். கீழே வரட்டும், சொல்லலாம்.

8.10.2024, செவ்வாய்

சொல்லவில்லை.

11.10.2024, வெள்ளி

ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதலில் தமிழழகனிடம் கேட்கணும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறேன். கேட்டேனா? இல்லை. ஊரில் என்ன பேசுவார்கள் என்று இன்னொரு காரணம். ஊர் எனக்கு எப்ப முக்கியமா இருந்துச்சு?

16.10.2024, புதன்

நெஜத்தை எழுதிடுறேன். இந்த நோட்டுலயாச்சும். அவ போயிட்டா காலையில டீயோட நான் யார்கிட்ட போய் உப்பளவு நம்பர் சொல்றது? இவ்ளோதான். பையனுக்காகவும் இல்ல, ஊருக்காகவும் இல்ல. எனக்காகத்தான் அந்தப் புள்ளையோட வேலைய மறச்சு வச்சேன். நேத்தோட தேதி முடிஞ்சுபோச்சு. முடியட்டும்னு இருந்தேனோ? முப்பத்து நாலு வருஷத்துல ஆபீசுக்கு வந்த ஒரு கம்ப்ளெய்ன்ட்டகூட ரிஜிஸ்டர்ல எழுதாம விட்டதில்ல நான்.

மதியம் சொல்லிவிட்டேன். வேணி மாடியில் பாட்டில்களைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒம்பது நாள் மாமா" என்றாள். பாட்டிலை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

17.10.2024, வியாழன்

சாப்பாடு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். தொட்டிப் பக்கம் நான் இருந்தால் வருவதில்லை. உப்பளவு நோட்டில் இரண்டு நாளாக அவள் கையெழுத்து மட்டும்.

சுந்தராம்பாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "நீங்க செட்டிகுளத்துலயும் திருமானூர்லயும் வேலைன்னு கெடந்தப்ப நான் பதினாறு வருசம் இந்த வூட்ல ஒத்தையா இருக்கல? அது வேலை. இது மட்டும் வேலை இல்லியா?" என்றாள். திட்டவில்லை. சாதாரணமாகக் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

18.10.2024, வெள்ளி

காலை பத்து மணிக்கு பானுப்ரியாவுக்கு நானே போன் செய்தேன். "தப்பு என்னுதுங்க. பிள்ளைகிட்ட நான் சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சதே முந்தாநாள்தான்." இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்னும் யாருக்கும் உறுதி சொல்லவில்லை என்றார். "தீபாவளி முடிஞ்சு வரச் சொல்லுங்க. ஒரு மாசம் வேலை செஞ்சு பாக்கட்டும்."

ஹாலில் வேணி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். போனை வைத்ததும் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோவம் இன்னும் போகல மாமா" என்றாள்.

"போகாதும்மா. இருக்கட்டும்" என்றேன்.

பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி, "பண்ணைக்குப் போனா குஞ்சு பதினாலையும் எடுத்துட்டுப் போகணும். ரெண்டு பை போதுமா, மூணு வேணுமான்னு பாக்கணும்" என்றாள். மூன்று என்றேன். இரண்டே போதும் என்றாள்.

27.10.2024, ஞாயிறு

தமிழழகனிடம் நேற்றுத்தான் பேசினோம். முதலில் அவனுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் பாஸ் மாறிடும், கூட்டிட்டுப் போயிடுவேன், அதுக்குள்ள ஏன் என்றான். சுந்தராம்பாள் போனைப் பிடுங்கி, "நீ வர்றப்ப வா. அதுவரைக்கும் அவ எங்கூட சீரியல் பாக்கணுமா?" என்று கேட்டாள். வேணி தன் அறைக்குப் போய் அவனோடு ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கண் சிவந்திருந்தது.

இன்று காலை அவனே எனக்கு போன் செய்தான். "அவ போகட்டும்பா. நான் இங்க கூட்டிட்டு வந்தாலும் காலையிலருந்து ராத்திரி வரைக்கும் ஒரு ரூமுக்குள்ளதான் உக்காந்திருப்பா. நான் அதை யோசிக்கவே இல்ல." என் பிள்ளை என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டான். அவனுக்கு ஒரு நாள்; எனக்கு ஒன்பது.

12.11.2024, செவ்வாய்

நேற்று வேணியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இன்று திரும்பினேன். திருச்சி, ராமநாதபுரம், மண்டபம். பெட்டியை வழி முழுக்க மடியிலிருந்து இறக்கவில்லை அவள். பண்ணை சின்னதுதான், தகரக் கூரை, வரிசை வரிசையாகத் தொட்டிகள், நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். பானுப்ரியா பையைத் தூக்கிப் பார்த்து எண்ணினார். பதினான்கும் உயிரோடு.

நான் கிளம்பும்போது வேணி வாசல் கேட் வரை வந்தாள். பின்னால் கடல். எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. "மாமா, ஸ்விட்ச் போர்டு எல்லாம் ஈரத்துக்குப் பக்கத்துல இருக்கு, பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன். ரொம்ப மோசம். அடுத்த தடவை டூல்ஸ் எடுத்து வரேன் என்றேன்.

"வாங்க. சீக்கிரம் வாங்க" என்றாள்.

கோபம் போய்விட்டதா என்று கேட்கவில்லை.

13.11.2024, புதன்

1.025. போனில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: கட்டை விரல்.

12.1.2025, ஞாயிறு

ஒரு மாசம் என்றது இரண்டாகி, வேலை நிரந்தரம். பண்ணையில் குஞ்சுப் பிரிவு முழுக்க இப்போது அவள் பொறுப்பு. சனிக்கிழமை சனிக்கிழமை வீடியோவில் பேசுவாள். சுந்தராம்பாள் போனைத் தொட்டி முன்னால் பிடித்துக்கொண்டு, "பவளம் விரிஞ்சிருக்கா பாரு, இந்தப் பக்கம் பாரு" என்று அரை மணி நேரம். என் முகத்தைக் காட்டுவதே இல்லை.

12.4.2025, சனி

தமிழழகனுக்கு இருபது நாள் லீவு. இன்று காலை திருச்சியில் இறங்கினான். நான் ஏர்போர்ட் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன், போன் செய்தான்.

"அப்பா, கோச்சுக்காதீங்க. நான் நேரா மண்டபம் போயிடுறேன். அவளுக்கு இந்த வாரம் லீவு கிடையாது, மூணு தொட்டியில முட்டை இருக்காம்."

"போப்பா" என்றேன். நல்லாத்தான் இருந்தது.

சுந்தராம்பாளிடம் சொன்னேன். அடுப்பில் அவனுக்காக வைத்த நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். பிறகு பெரிய டிபன் கேரியரைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். மண்டபம் போகப் பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். வீட்டுச் சாவியும் தொட்டி நோட்டும் வெள்ளைச்சாமியிடம் கொடுத்தாகிவிட்டது. நல்ல தண்ணிதான் ஊத்தணும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.